டேபிள் ஃபேனுக்குக் கூண்டு இருக்கு. ரேடியேட்டர் ஃபேனுக்கு ஏன் இல்லை?

நீண்ட பதிவு. சொந்தமா வண்டி கட்டுறவங்க, பட்டறை வச்சிருக்கிறவங்க, அதை யூட்யூப்ல பார்த்து "வேற லெவல் ப்ரோ"ன்னு கமெண்ட் போடுறவங்க, மூணு தரப்பும் படிக்கணும். கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன்.

உங்க வீட்டு டேபிள் ஃபேனைப் பாருங்க. ஐம்பது அறுபது வாட்ஸ் மோட்டார். முன்னாடியும் பின்னாடியும் கம்பிக் கூண்டு. கூண்டு இல்லாத ஃபேனைக் கடைக்காரர் எடுத்து வச்சா வாங்குவீங்களா? "வீட்ல புள்ளைங்க இருக்குங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவீங்க.

இப்போ பழைய மாருதி 800 இன்ஜினை வச்சு ஷெட்டுல கட்டின ஒரு காரைப் பாருங்க. இரும்புக் குழாயில சட்டம், முன்னாடி ரேடியேட்டர், அதுக்குப் பின்னாடி 12 இஞ்ச் ஃபேன். வீட்டு ஃபேனைவிட ரெண்டு மடங்கு சக்தி. பானெட் கிடையாது, இன்ஜின் தெரியணும், அதுதான் அழகாம். கூண்டும் கிடையாது. அந்த ஃபேன்ல இருந்து ஒரு சாண் தூரத்துல கையை விட்டு ஹோஸ் கிளாம்ப்பை முறுக்குறாங்க, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே. கேமரா அதை குளோஸ்-அப்ல காட்டுது.

கை போனதுக்கப்புறம் எல்லாரும் சொல்ற ஒரே வாக்கியம்: "கவனமா இருந்திருக்கணும்."

இந்தப் பதிவே அந்த வாக்கியத்துக்கு எதிரானதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 12 இஞ்ச்னா 30 சென்டிமீட்டர் விட்டம். நிமிஷத்துக்கு 2500 சுத்துன்னு வச்சுக்குங்க. இறக்கையோட நுனி மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் வேகத்துல போகுது. ஒரு மனுஷன் ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க, ரொம்ப சுறுசுறுப்பான ஆளா இருந்தாலும், ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்துக்குள்ள ஃபேன் எட்டுத் தடவை சுத்திடும். அஞ்சு இறக்கைன்னா நாற்பது அடி. நீங்க "ஆ"ன்னு சொல்றதுக்குள்ள நாற்பது அடி. இதுல எங்கங்க கவனத்துக்கு இடம்?

எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு தம்பியைப் பத்தி மட்டும் சொல்றேன். யாருன்னு தெரியக்கூடாதுன்னு வயசு, ஊர் எதையும் எழுதல. அவன் சொந்தமா கட்டின வண்டி. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தியாச்சு. இன்ஜின் ஆஃப். சாவி சட்டைப் பையில. கீழ் ஹோஸ்ல தண்ணி கசியுதான்னு பார்க்க வலது கையை விட்டிருக்கான். நின்னுக்கிட்டு இருந்த ஃபேன் தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஆள்காட்டி விரல் நுனி போச்சு. நடுவிரல்ல மடக்குற தசைநாண் ரெண்டும் அறுந்துடுச்சு.

கூட வந்த பெரியவங்க எல்லாம் "அசால்ட்டா இருந்துட்டான் டாக்டர்"னு அவனையே திட்டுறாங்க. அசால்ட்டா? இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்துட்டு, அப்புறம்தான் கையை விட்டிருக்கான். இதுக்கு மேல ஒரு மனுஷன் எவ்வளவு கவனமா இருக்க முடியும்?

தானா ஓடினது பேயும் இல்ல, நேரமும் இல்ல. இன்ஜின் நின்னதும் வாட்டர் பம்ப்பும் நின்னுடும். தண்ணி சுத்தாது. ஆனா இன்ஜின் இரும்புக்குள்ள இருக்கிற சூடு அப்படியே தேங்கி நிக்கிற தண்ணியில இறங்கும். அதனால ஆஃப் பண்ணின அடுத்த சில நிமிஷத்துக்குத் தண்ணியோட சூடு குறையாது, ஏறும். டெம்பரேச்சர் சுவிட்ச் பேட்டரியில இருந்து நேரா கரண்ட் எடுக்கிற மாதிரி வயரிங் பண்ணியிருந்தா, சாவி எங்க இருந்தாலும் அந்தச் சூட்டுல சுவிட்ச் சேர்ந்து ஃபேன் ஓடும். கம்பெனி கார்கள் பலதுலயும் இப்படித்தான் இருக்கும். ஆனா அங்க ரேடியேட்டர் பக்கத்துல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும்: ஃபேன் எப்ப வேணா ஓடும், கை வைக்காதே. ஃபேனைச் சுத்தி பிளாஸ்டிக் கூடு இருக்கும். மேல பானெட் இருக்கும். நாம அந்தக் காரை உடைச்சு இன்ஜினை எடுத்தோம், ரேடியேட்டரை எடுத்தோம், ஃபேனை எடுத்தோம், வயரிங்கையும் எடுத்தோம். பாதுகாப்புக்குன்னு இருந்த மூணையும் பழைய இரும்புக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டோம்.

இந்த இடத்துல ஒரு கூட்டம் வரும்னு தெரியும். "இந்த மாதிரி வண்டி கட்டுறதே சட்டவிரோதம் டாக்டர், தடை பண்ணச் சொல்லுங்க." ரோட்டுல ஓட்டுறதைப் பத்தி நீங்க சொல்றது சரி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாத்த விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. ஷெட்டுல கட்டினதுக்கு நம்பர் பிளேட் வாங்க முடியாது. ஆனா அந்தத் தம்பியோட விரல் போனது ரோட்டுல இல்ல, ஷெட்டுக்குள்ள. நம்பர் பிளேட் இருந்திருந்தா விரல் தப்பிச்சிருக்குமா?

அப்புறம், கட்டாதேன்னு சொல்ற ஆள் நான் இல்ல. கோயம்புத்தூர்ல ஜி.டி.நாயுடு கட்டாததா? அதே ஊர்ல எஸ்.கரிவரதன் மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒத்தை சீட்டு ரேஸ் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதி வகைக் கார்லதான் நாராயண் கார்த்திகேயனே ரேஸுக்குள்ள வந்தார். செட்டிப்பாளையத்துல இருக்கிற ரேஸ் டிராக்குக்கு கரிவரதன் பேரைத்தான் வச்சிருக்காங்க. நம்ம பக்கமே எடுத்துக்குங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுப் போட்டப்போ கறம்பக்குடி, ஆலங்குடி பக்கம் கிராமங்கள்ல கரண்ட் வர நாள் கணக்காச்சு. கிடைச்ச ஜெனரேட்டரையும் இன்ஜினையும் வச்சுத்தான் குடிக்கத் தண்ணி இறைச்சாங்க. கையில ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்ச பசங்கதான் அன்னிக்கு ஊருக்கு உதவினது. அந்தக் கைகள் அவங்க கிட்டயே இருக்கணும்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.

சரி, "கவனம்" கதைக்கு வர்றேன். இது புதுசு இல்ல. 1970-கள்ல வட இந்தியாவுல கோதுமை அடிக்கிற பவர் திரெஷர் மெஷின் வந்தப்போ, கதிரைத் தள்ளிவிடுற கை கதிரோட சேர்ந்து உள்ள போச்சு. ஏராளமான விவசாயக் கூலிகளுக்குக் கை போச்சு. அப்பவும் இதே பேச்சுதான்: தூங்கிட்டான், குடிச்சிருந்தான், அசால்ட்டா இருந்தான். கடைசியில 1983-ல பார்லிமென்ட் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. அதுல மெஷினைச் செய்யறவன் மேல பொறுப்பு வந்துச்சு. பாதுகாப்பா செய்யணும், கை போனா நஷ்ட ஈடு உண்டு. தூங்குற மனுஷன் தூங்கத்தான் செய்வான், மெஷினை மாத்துன்னு சட்டமே ஒத்துக்கிட்டு 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம பட்டறைக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரல.

1948 தொழிற்சாலைச் சட்டத்தோட 21வது பிரிவுல, சுத்துற பாகங்களுக்கு வேலி போடணும்னு தெளிவா எழுதியிருந்தாங்க. ஆனா மெஷின் ஓடுற இடத்துல 10 பேராவது வேலை பார்த்தாத்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலைன்னு இருந்துச்சு. ஒரு மேஸ்திரி, ரெண்டு பசங்க இருக்கிற ஷெட் அந்தக் கணக்குலயே வராது. பத்து பேர் இருக்கிற இடத்துல சுத்தினா ஆபத்து, மூணு பேர் இருக்கிற இடத்துல சுத்தினா ஆபத்து இல்லையா?

இன்னொண்ணு. ரோட்டுல அடிபட்டா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே காசு கட்டுற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. அருமையான திட்டம். ஆனா அது சாலை விபத்துக்கு. கார் ஓடி அடிபட்டா உண்டு, நிறுத்தி வச்ச கார்ல விரல் போனா கிடையாது. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல இந்தக் கேஸ் ஒரு வரியில முடிஞ்சிடும்: "மெஷினில் வேலை செய்தபோது காயம்." கூண்டு இருந்துச்சா இல்லையான்னு எழுத அந்த நோட்டுல ஒரு கட்டம் கூட இல்ல. எழுதாத விஷயத்தை எண்ண முடியாது. எண்ணாத விஷயத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம். எவ்வளவு வசதி பாருங்க!

இப்போ பட்டறைக்காரங்களோட வாதத்துக்கு வருவோம். "ஜாலி போட்டா காத்து அடைக்கும் சார், இன்ஜின் ஹீட் ஆகும்."

அரை இஞ்ச் வெல்டு மெஷ் எடுத்துக்குங்க. ஒரு மில்லிமீட்டர் கம்பி. கணக்குப் போட்டா 85 சதவீதம் இடம் திறந்தே இருக்கு. கொஞ்சம் காத்து குறையும், இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க இன்ஜின் ஹீட் ஆகுறதுக்குக் காரணம் ஜாலி இல்ல. ஃபேனை மாட்டின லட்சணம்!

நான் மெக்கானிக் இல்ல. ஆனா ரத்த ஓட்டத்தைப் படிச்சவனுக்கு ரேடியேட்டர் புரியாத விஷயம் இல்ல. இன்னும் சொல்லப்போனா, இந்தக் காயத்துக்கு மூலகாரணமே தப்பா மாட்டின ஃபேன்தான். சரியா மாட்டின ஃபேன் பக்கத்துல கை போக வேண்டிய தேவையே வராது. ஹீட் ஆகுது, சத்தம் வருது, உரசுது, லீக் ஆகுது, ஃபேன் சிக்கி நிக்குது, விரலால ஒரு தட்டு தட்டி விடுவோம். கை உள்ள போறது இப்படித்தான்.

இடம் இருந்தா ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி, இன்ஜின் பக்கம் இருந்து காத்தை இழுக்கணும். முன்னாடி வச்சுத் தள்ளினா, வண்டி ஓடும்போது வர்ற காத்தை ஃபேனே மறைக்கும். எங்க வச்சாலும் காத்து முன்னாடி இருந்து பின்னாடிதான் போகணும். இழுக்கிற ஃபேனை அப்படியே முன்னாடி மாட்டி, வயரைத் திருப்பிக் கொடுத்து எதிர்ப் பக்கம் சுத்த விடுறாங்க. இறக்கையோட வளைவு ஒரு பக்கத்துக்குன்னு செஞ்சது. தலைகீழா சுத்தினா சத்தம் வரும், காத்து வராது.

அடுத்தது கூடு. ஷ்ரவுட்னு சொல்வாங்க. ரேடியேட்டர் சதுரம், ஃபேன் வட்டம். வெறும் ஃபேனை ஒட்டி வச்சா வட்டத்துக்கு நேரா இருக்கிற பாகத்துல மட்டும்தான் காத்து போகும், நாலு மூலையும் சும்மா நிக்கும். தகரத்துல ஒரு பெட்டி மாதிரி மடிச்சு, ரேடியேட்டர் முழுசையும் மூடி, நடுவுல ஃபேனுக்கு வட்டம் வெட்டினா மொத்த ரேடியேட்டரும் வேலை செய்யும். ஜாலியால போற காத்தைவிட கூடு கொடுக்கிற லாபம் பல மடங்கு. அந்தக் கூட்டு மேலயே ஜாலியை நாலு போல்ட்டுல மாட்டலாம். ரெண்டு பிரச்னைக்கும் ஒரே தகரம். அரை நாள் வேலை.

ரேடியேட்டரோட சின்னச் சின்ன தகடுகளுக்கு நடுவுல கேபிள் டேக் விட்டு ஃபேனைக் கட்டுறாங்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். வண்டி அதிர அதிர அந்த டேக் உள்ள இருக்கிற மெல்லிசான குழாயை உரசி ஓட்டை போடும். லீக் ஆகும். பார்க்கக் கை உள்ள போகும். ரெண்டு பட்டை இரும்பு எடுத்து ரேடியேட்டரோட பக்கச் சட்டத்துல ரப்பர் புஷ் வச்சு போல்ட் பண்ணுங்க. இறக்கைக்கும் இன்ஜின் புல்லிக்கும் நடுவுல ஒரு இஞ்ச்சாவது விடுங்க. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுல உட்கார்ந்திருக்கு, பிரேக் போட்டா முன்னாடி ஆடும். நிக்கும்போது இடிக்காதது ஓடும்போது இடிக்கும். இறக்கை உடைஞ்சா அந்தத் துண்டு எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கண்ணு மட்டத்துல குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்கிறது நீங்கதான்.

வயரிங்ல ரிலே வைங்க, ஃப்யூஸ் வைங்க. இவ்வளவு ஆம்பியர் இழுக்கிற ஃபேனைச் சின்ன சுவிட்ச் வழியா நேரா ஓட்டினா வயர் உருகும். ரிலேக்குப் போற கரண்ட்டை சாவி வழியா எடுத்தா, சாவி ஆஃப்னா ஃபேனும் ஆஃப். அந்தத் தம்பியோட வண்டியில இந்த ஒரு வயர் மட்டும் வேற இடத்துல இருந்திருந்தா, நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். சாவி ஆஃப் ஆனாலும் ஃபேன் ஓடணும்னு நினைச்சு வேணும்னே நேரடியா கொடுக்கிறவங்க உண்டு. கொடுங்க. அப்போ கூண்டு கட்டாயம். எப்படி இருந்தாலும் கை விடுறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டிடுங்க. ஒரு 10 நம்பர் ஸ்பானர், பத்து செகண்ட்.

கிளவுஸ் போட்டுக்கிட்டா பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. சுத்துற பொருள் பக்கத்துல துணி கிளவுஸ்தான் முதல்ல சிக்கி, கையையும் சேர்த்து இழுக்கும். தோள்ல துண்டு, கையில கட்டின கயிறு, மோதிரம், கழுத்துல தொங்குற காலேஜ் ஐடி கார்டு எல்லாத்துக்கும் இதே கதிதான்.

காலேஜ்னதும் ஞாபகம் வருது. இன்ஜினியரிங் மாணவர்கள் சொந்தமா கார் கட்டிப் போட்டியிடுற ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகள்ல விரல் தடுப்புன்னு ஒரு விஷயம் இருக்கு. வண்டி நிக்கும்போது சுத்துற செயின், ஸ்பிராக்கெட் மாதிரி பாகங்களுக்கு மூடி வேணும். மெஷ் போட்டா 12 மில்லிமீட்டர் பொருள் உள்ள நுழையக் கூடாது. சோதனையில தேறாத வண்டி டிராக்குக்குள்ளயே போக முடியாது. அரை இஞ்ச் வெல்டு மெஷ்ஷோட ஓட்டை அந்த 12 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளேயே அடங்கும். அந்த விதியை உங்க ஃபேனுக்கும் வச்சுக்கிட்டா என்ன குறைஞ்சிடும்?

விரல் போனா என்ன ஆகும்னு தெரியாமத்தான் பல பேர் இதை லேசா எடுத்துக்கிறாங்க. "ஒட்ட வச்சிடலாம்ல டாக்டர்?" கத்தியில ஒரே வெட்டா போன விரலை ஒட்டுறது வேற. ஃபேன் ஒரே இடத்துல வெட்டாது, பல இடத்துல அடிச்சு நசுக்கும். ரத்தக் குழாய் நார் நாரா கிழிஞ்சிருக்கும். அதனால ஃபேன்ல போன விரலை ஒட்ட முடியாமப் போறதே அதிகம். விரல் இருந்து தசைநாண் மட்டும் அறுந்தாலும் சும்மா இல்ல. உள்ளங்கை மடிப்புல இருந்து விரலோட நடுக்கணு வரைக்கும் இருக்கிற பகுதிக்கு கை அறுவை சிகிச்சை நிபுணர்கள் ஒரு காலத்துல 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்'னு பேர் வச்சிருந்தாங்க. அங்க தைச்சா ஒட்டிக்கிட்டு விரல் மடங்காது, யாரும் கை வைக்காதீங்கன்னு அர்த்தம். இப்போ தைக்கிறோம். ஆனா அதுக்கப்புறம் வாரக்கணக்குல கட்டு, பிசியோதெரபி, சுமார் மூணு மாசம் கனமா எதையும் தூக்கக் கூடாது. தினக் கூலிக்கு வெல்டிங் பண்ற ஆளுக்கு மூணு மாசம்னா என்னன்னு நான் விளக்க வேண்டியதில்ல.

அடிபட்டுட்டா செய்ய வேண்டியது. சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க, கையைத் தூக்கி வைங்க. மஞ்சள், காப்பித்தூள், கிரீஸ், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கிறதுக்கே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகுது. மோதிரம் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடி கழட்டுங்க. விரல் துண்டாப் போயிருந்தா தேடி எடுங்க. ஒட்ட முடியுமா முடியாதான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. சுத்தமான ஈரத்துணியில சுத்தி, தண்ணி புகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வைங்க. விரல் மேல ஐஸ் நேரா படக் கூடாது, உறைஞ்சா வீண். 108-க்குப் போன் பண்ணுங்க. இங்கிருந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜோ புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜோ, எதுக்குப் போனாலும் ஒரு மணி நேரத்துப் பயணம். குளிர்ச்சியா வச்சா விரல் அந்த நேரத்தைத் தாங்கும். பதறி அங்க இங்க சுத்தாதீங்க.

ரேடியேட்டர் மூடி பத்தியும் ஒரு வார்த்தை. சூடா இருக்கும்போது திறக்காதீங்க. அந்த மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறதால உள்ள தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். திறந்த கணமே அழுத்தம் போய், அத்தனையும் ஆவியா முகத்துல அடிக்கும். முகம், கழுத்து, நெஞ்சு வெந்து வந்தவங்களைப் பார்த்தவங்க யாரும் இதைச் சாதாரணமா பேச மாட்டாங்க. மேல் ஹோஸை வெறுங்கையால பிடிக்க முடியுற அளவுக்கு ஆறட்டும்.

கமெண்ட்ல முதல் கேள்வி என்னவா இருக்கும்னு தெரியும், அதனால இப்பவே சொல்லிடுறேன். ஜாலிக்குன்னு தனியா ஆர்டர் போட வேண்டாம். பழைய இரும்புக் கடையில 16 இஞ்ச் டேபிள் ஃபேன் கூண்டு கிடைக்கும், 12 இஞ்ச் ரேடியேட்டர் ஃபேனுக்குத் தாராளமா போதும். ஆனா பழைய காலத்துக் கூண்டுல கம்பிக்குக் கம்பி இடைவெளி அதிகம், ரெண்டு விரல் சேர்ந்தே போகும். அதை வாங்கினா மேல அரை இஞ்ச் வெல்டு மெஷ் ஒரு சுத்து சுத்தி பற்றவச்சுக்குங்க. வண்டி நிக்கிற இடத்துக்குக் குழந்தைங்க வருவாங்கன்னா கால் இஞ்ச் மெஷ். காத்து இன்னும் கொஞ்சம் குறையும், கூட்டைச் சரியா போட்டிருந்தா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது.